நான்கு நாய்க்குட்டிகளைத் தத்துப் போகும் வரை வாடகை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ள முடியுமா?

பெரம்பூர் வாசகி:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் தெருமுனையில் குட்டி போட்டிருந்த நாய் சென்ற வாரம் லாரியில் அடிபட்டு இறந்துவிட்டது. அதன் நான்கு குட்டிகளையும், இப்பகுதியில் தெருநாய்களுக்குச் சோறு வைக்கும் தன்னார்வலர்கள் எடுத்து, ஒரு மளிகைக் கடையின் பின்கட்டில் அட்டைப்பெட்டியில் வைத்திருக்கிறார்கள். தத்தித் தத்தி நடக்கின்றன, சிறு பற்கள் முளைத்திருக்கின்றன. ஐந்து வாரம் இருக்கலாம் என்கிறார்கள். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டதிலிருந்து அந்தப் பின்கட்டில் தண்ணீர் தேங்குகிறது. வளர்ப்பவர்கள் கிடைக்கும் வரை, ஏறத்தாழ இரண்டு மாதம், உங்கள் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார்கள். சரி என்று சொல்லியும் விட்டேன். அதன் பிறகுதான் ஒவ்வொரு கேள்வியாக எழுகிறது.

நாங்கள் இருப்பது முதல் மாடியில், இரண்டு படுக்கையறை கொண்ட வாடகை வீடு. உரிமையாளர் கீழ்த்தளத்தில் இருக்கிறார். என் கணவர், மாமியார், மூன்றாம் வகுப்புப் படிக்கும் மகள், ஒன்பது வயதான எங்கள் நாய் மணி ஆகியோர்தான் குடும்பம். மணிக்கு ஆண்டுதோறும் தடுப்பூசி தவறாமல் போட்டு வருகிறோம். இந்தக் குட்டிகளிடமிருந்து அவனுக்கு ஏதாவது தொற்றிவிடுமோ என்பது என் முதல் கவலை. அதைவிடப் பெரிய கவலை என் மகளைப் பற்றியது. இரண்டு மாதம் மடியில் வைத்துக் கொஞ்சிய குட்டியை இன்னொருவர் கையில் கொடுக்கும் நாளை அவள் எப்படித் தாங்குவாள்? இதைச் செய்து பழகியவர்கள் விரிவாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

மூன்றாவது மாடி:

வணக்கம் சகோதரி. நான் 2016 முதல் நாய்க்குட்டிகளையும் பூனைக்குட்டிகளையும் இவ்வாறு வீட்டில் வைத்துத் தேற்றி அனுப்பி வருகிறேன். பாலூட்டும் வயது தாண்டாத குட்டிகளுக்குக் காப்பகத்தைவிட வீடே பாதுகாப்பு. எத்தனை நல்ல காப்பகமானாலும் பல தெருக்களிலிருந்து வரும் நோயுற்ற நாய்கள் கூடும் இடம் அது, தடுப்பூசி போடாத குட்டியால் அங்கே தாக்குப்பிடிக்க முடிவதில்லை. ஆகவே நீங்கள் ஒப்புக்கொண்டதில் தவறே இல்லை. ஆனால் என் இரண்டாவது முறையில் நடந்ததை நீங்கள் தெரிந்துகொண்டு தொடங்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

அப்போது ஐந்து குட்டிகள் வந்தன. பத்தாவது நாள் மாலை, தட்டைத் தரையில் வைக்கும் ஓசைக்கே ஓடி வரும் செவலைக் குட்டி வரவில்லை. கதவுக்குப் பின்னால் முகத்தைச் சுவரோடு ஒட்டிப் படுத்திருந்தது. வயிறு நிறைந்திருக்கும் என்று நினைத்து விட்டுவிட்டேன். விடியற்காலையில் அறையைத் திறந்தபோது வந்த வாடை இன்றும் எனக்கு மறக்கவில்லை. இரத்தம் கலந்த பேதி, பழைய இரும்பைப் போன்ற ஒரு நெடி. பார்வோ என்ற, குட்டிகளின் குடலைத் தாக்கும் தொற்றுநோய். நான்கு நாட்கள் ட்ரிப்ஸ் ஏற்றினோம். மூன்று குட்டிகள் இறந்துவிட்டன. முந்தைய குட்டிகள் படுத்திருந்த மிதியடியை வெயிலில் காயவைத்து மறுபடி விரித்ததுதான் காரணம் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் அந்த முந்தைய குட்டிகளில் ஒன்றுக்குப் பேதி இருந்தது, நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த ஒரு மாலையை நான் வீணாக்காமல் இருந்திருந்தால் என்ற எண்ணம் என்னைவிட்டு இன்னும் போகவில்லை.

எனவே முதல் பதினான்கு நாட்களுக்குக் குட்டிகளுக்கென ஓர் அறையை, முடிந்தால் குளியலறையோடு சேர்ந்த அறையை, ஒதுக்கிவிடுங்கள். மணி அந்த வாசற்படியைக்கூட மிதிக்கக் கூடாது. காலையில் முதலில் மணிக்குச் சோறு வைத்து, வெளியே கூட்டிப்போய் வந்த பிறகுதான் குட்டிகளின் அறைக்குள் நுழைய வேண்டும். அந்த அறைக்கென்று ஒரு பழைய நைட்டியும் ஒரு ஜோடி ரப்பர் செருப்பும் தனியாக இருக்கட்டும். விரிப்புக்குச் செய்தித்தாளும் கிழிந்த பருத்தித் துணியும் போதும். மெத்தை, கோணிச் சாக்கு போன்ற, தேய்த்துக் கழுவ முடியாத எதுவும் வேண்டாம்.

ஒவ்வொரு குட்டியையும் தினமும் ஒரே நேரத்தில் எடை பாருங்கள். சமையலறைத் தராசில் ஒரு கிண்ணத்தை வைத்து அதில் உட்கார வைத்தால் போதுமானது. நோய் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே எடை சொல்லிவிடும். ஒரு நாள் ஏறாமல் நின்றால் கவனிக்க வேண்டும். இறங்கினால் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்.

செலவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் கேட்டிருக்க வேண்டும். தடுப்பூசி, மருந்து, அவசரமானால் மருத்துவமனை ஆகியவற்றை அந்தத் தன்னார்வலர்கள் ஏற்பார்களா, நீங்கள் ஏற்க வேண்டுமா என்பதை இப்போதே எழுத்தில் பேசிவிடுங்கள். இரவு இரண்டு மணிக்கு யாருக்குத் தொலைபேசியில் அழைப்பது என்பதும் அந்தப் பேச்சில் சேர்த்தி.

இன்னொன்று. நான்கில் எத்தனை பெண்? நம் ஊரில் ஆண் குட்டியைத்தான் கேட்டு வருகிறார்கள். பெண் குட்டி வளர்ந்து குட்டி போட்டுவிடும் என்ற பயத்தில் ஒதுக்கிவிடுகிறார்கள். இரண்டு மாதம் என்று உங்களிடம் சொன்னது ஆண் குட்டிகளுக்குச் சரியாக இருக்கலாம், பெண் குட்டிக்கு ஐந்து மாதம்கூட ஆகலாம். கருத்தடை அறுவைச் சிகிச்சையைத் தாங்களே செய்து தருவதாகக் குழுவினர் எழுதிக் கொடுத்தால், மறுக்கும் வீடுகளில் சில சம்மதிக்கின்றன; இது என் அனுபவம்.

ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர்:

மேலே எழுதியவர் சொன்ன தனிமைப்படுத்தும் முறை மிகச் சரியானது. பார்வோ கிருமி உடலில் நுழைந்து பெரும்பாலும் மூன்று முதல் ஏழு நாட்களிலும், சிலவற்றில் இரண்டு வாரத்திற்குள்ளும் நோயாக வெளிப்படும் என்பதால்தான் பதினான்கு நாள் என்ற கணக்கு. அவர் குறிப்பிடாத ஒன்றை நான் சேர்க்க வேண்டும். நம் வீடுகளில் தரையைத் துடைக்கும் பினாயில் இந்தக் கிருமியைக் கொல்வதில்லை. மணம் மட்டும் மாறும், கிருமி மாதக்கணக்கில் அங்கேயே இருக்கும். துணி வெளுக்கும் திரவ பிளீச்சை ஒரு பங்குக்கு முப்பது பங்கு தண்ணீர் என்று கலந்து, முதலில் சோப்புப் போட்டு அழுக்கை நீக்கிய தரையில் ஊற்றி, பத்து நிமிடம் ஈரமாகவே விட்டுக் கழுவ வேண்டும். அழுக்கின் மேல் ஊற்றினால் பயனில்லை. குட்டிகளை அப்போது வேறிடத்தில் வையுங்கள். பின்னாளில் பூனை வளர்க்கும் எண்ணம் இருந்தால், பினாயிலை வீட்டிலிருந்தே அகற்றிவிடுவது நல்லது. பூனையின் உடலுக்கு அது நஞ்சு.

தடுப்பூசி பற்றிய ஒரு தவறான புரிதல் பல குட்டிகளின் உயிரை வாங்குகிறது. ஓர் ஊசி போட்டாயிற்று, இனிப் பயமில்லை என்று நினைத்துக் குட்டியைத் தெருவில் இறக்கிவிடுகிறார்கள். தாயின் சீம்பாலிலிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி குட்டியின் உடலில் இருக்கும் வரை, நாம் போடும் ஊசி வேலை செய்யாமல் அதுவே தடுத்துவிடும். அது எந்த வாரத்தில் வற்றும் என்பது குட்டிக்குக் குட்டி வேறுபடும். எனவேதான் ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வாரத்திற்கு ஒருமுறை, பதினாறு வாரம் ஆகும் வரை போடுகிறோம். உங்கள் மணிக்கு ஆண்டுதோறும் ஊசி போடப்பட்டிருப்பதால் பார்வோ, டிஸ்டெம்பர் என்ற இன்னொரு வைரஸ் நோய் ஆகியவற்றைப் பற்றி அவ்வளவாகப் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் சொறியும் உண்ணியும் தடுப்பூசியைப் பார்த்து வருவதில்லை. உண்ணிக் காய்ச்சல் ஒன்பது வயது நாயைப் படுக்க வைத்துவிடும். வந்த அன்றே குட்டிகளின் காது மடலிலும் விரலிடுக்கிலும் பாருங்கள். குடற்புழு மருந்தை எட்டு வாரம் வரை பதினைந்து நாளுக்கு ஒருமுறை, எடைக்கு ஏற்ற அளவில், மருத்துவர் சொன்னபடி கொடுக்க வேண்டும்.

பசும்பாலை மட்டும் ஊற்றி வளர்க்க வேண்டாம். பலவற்றுக்கு வயிறு போகும். ஐந்து வாரக் குட்டிக்கு நாளொன்றுக்கு நான்கு வேளை, குட்டிகளுக்கான உலர் தீனியை வெந்நீரில் ஊறவைத்துக் கூழாக மசித்துக் கொடுக்கலாம். குழைந்த சோற்றுடன் எலும்பில்லாத கோழியை மசித்தும் சில நாட்கள் சமாளிக்கலாம். பலர் செரலாக் கொடுக்கிறார்கள். அது வளரும் குட்டிக்கு வேண்டிய புரதத்தைத் தராது. குட்டி துவண்டு, ஈறு வெளுத்துச் சில்லிட்டிருந்தால், ஈறில் சிறிது தேனோ குளுக்கோஸோ தடவி, துணியில் சுற்றிச் சூடாக வைத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். வேப்பேரியிலுள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உங்களுக்குத் தொலைவில்லை.

கடைசியாக, வெறிநோய். தாய் எப்படி இருந்தது என்று தெரியாத குட்டிகள் இவை. விளையாட்டில் ஊசிப் பல்லால் கீறத்தான் செய்யும். குட்டிதானே என்று எண்ண வேண்டாம். கீறல் பட்டால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றே ஊசிக்குச் செல்ல வேண்டும். அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்பச் சுகாதார நிலையங்களிலும் இலவசமாகப் போடுகிறார்கள். தொடர்ந்து இப்பணியைச் செய்யப்போகிறவர்கள் முன்கூட்டியே தடுப்பூசி போட்டுக்கொள்வது நல்லது. அப்படிப் போட்டவர்களுக்குப் பிறகு கடிபட்டால் இரண்டு ஊசி போதும். மகளுக்கும் சேர்த்து உங்கள் குடும்ப மருத்துவரிடம் கேளுங்கள்.

தாம்பரத்து அப்பா:

மருத்துவர் ஐயா சொன்னதற்கு மேல் நோயைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. நான் பிள்ளையைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

எங்கள் வீட்டுக்கு முதலில் வந்த கருப்புக் குட்டியை என் மகன் விடவே இல்லை. நாங்களும் மனம் கேளாமல் வைத்துக்கொண்டோம். அவள் இன்று எங்கள் வீட்டுப் பிள்ளை, அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அவளுக்கு மற்ற நாய்கள் ஆகாது என்பதால், அதன் பிறகு எங்களால் வேறு எந்தக் குட்டிக்கும் இடம் கொடுக்க முடியாமல் போய்விட்டது. ஒரு குட்டியைக் கொடுத்தனுப்பினால்தான் அடுத்ததற்கு அறை காலியாகும் என்பதை நான் காலம் கடந்துதான் உணர்ந்தேன்.

பின்னர் என் தங்கை வீட்டில் இதைச் சரியாகச் செய்ததைப் பார்த்தேன். குட்டிகள் வருவதற்கு முன்பே அவள் தன் மகளிடம், இவர்கள் நம் வீட்டுக்கு விருந்தாளிகள், நல்ல வீடு கிடைக்கும் வரை நாம் தேற்றி அனுப்பப்போகிறோம் என்று சொல்லிவிட்டாள். பிள்ளைக்கு ஒரு நோட்டுப் புத்தகம் கொடுத்து, தினமும் எடையை எழுதும் பொறுப்பை அவளிடமே விட்டாள். தத்தெடுக்க வந்தவர்களிடம் வாசலில் வைத்துக் கொடுக்காமல், பிள்ளையையும் கூட்டிக்கொண்டு அவர்கள் வீட்டுக்கே போய்க் கொடுத்தாள். குட்டி எங்கே படுக்கும், தண்ணீர்க் கிண்ணம் எங்கே இருக்கும், பால்கனியில் கம்பி இருக்கிறதா என்று பிள்ளையே பார்த்தாள். திரும்பும் வழியில் அழுதாள்தான். அந்த அழுகையைத் தடுக்கப் பார்க்காதீர்கள். வேறு பொம்மை வாங்கித் தருகிறேன் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

மூன்றாவது மாடி அவர்களோடு ஓர் இடத்தில் நான் மாறுபடுகிறேன். வயதான நாயும், பள்ளிப் பிள்ளையும், வயதில் மூத்தவரும் உள்ள வீட்டில் முதல் முறையே நான்கு குட்டி அதிகம். இரண்டை நீங்களும், இரண்டை வேறொருவரும் எடுத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். ஒற்றையாக மட்டும் எடுக்காதீர்கள்; எட்டு வாரம் வரை உடன்பிறந்தது ஒன்றாவது கூட இருந்தால்தான், எவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும் என்பதைக் குட்டி கற்றுக்கொள்ளும்.

மூன்றாவது மாடி:

தாம்பரத்து அப்பா சொல்வது சரிதான். எனக்கிருந்த இடவசதியை மனத்தில் வைத்து எழுதிவிட்டேன். இரண்டு போதும். குக்கர் விசில், மிக்ஸி, அழைப்பு மணி எல்லாவற்றையும் கதவுக்கு இந்தப் பக்கமிருந்தாவது குட்டிகள் கேட்டுப் பழகட்டும். பன்னிரண்டு வாரத்திற்குள் பழகிய ஓசைக்குப் பின்னாளில் நடுங்குவது குறைவு. வீட்டு உரிமையாளரிடமும் நீங்களே முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள். வளர்ப்பு விலங்கு வைத்திருக்கக் கூடாது என்று குடியிருப்போர் சங்கங்கள் தடை விதிக்க முடியாது என விலங்கு நல வாரியத்தின் வழிகாட்டுதல் இருக்கிறது. ஆனால் கீழ்வீட்டுக்காரரிடம் அந்தத் தாளைக் காட்டுவதைவிட, எத்தனை நாள், எந்த அறை, யார் சுத்தம் செய்வது என்று நேரில் சொல்வதுதான் பலன் தரும்.

பெரம்பூர் வாசகி:

இவ்வளவு பொறுமையாக எழுதிய மூவருக்கும் மனமார்ந்த நன்றி. தன்னார்வலர்களிடம் பேசினேன். பழுப்பு நிற ஆணையும் நெற்றியில் வெள்ளைப் பொட்டு வைத்த பெண்ணையும் நான் எடுத்துக்கொள்கிறேன். மற்ற இரண்டையும் கொளத்தூரில் ஒரு குடும்பம் வைத்துக்கொள்கிறது. ஊசிச் செலவு அவர்களுடையது, தீனி என்னுடையது என்று வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிவிட்டேன். பெண் குட்டிக்கு ஐந்து மாதம் ஆனாலும் வைத்துக்கொள்ளக் கணவர் ஒப்புக்கொண்டார். கீழ்வீட்டு ஐயா, இரவில் குரைக்குமா என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். முதல் இரண்டு இரவு அழும் என்று மறைக்காமல் சொன்னேன். சரி என்றார்.

மகள் நோட்டுக்கு அட்டை போட்டு, தேதி, காலை எடை, எத்தனை முறை சாப்பிட்டது என்று கட்டம் கிழித்து வைத்திருக்கிறாள். பினாயில் பாட்டிலைப் பரணில் ஏற்றியாயிற்று. நாய் முடி ஆகாது என்று இரண்டு நாளாக முகம் கொடுக்காமல் இருந்த மாமியார், இன்று மாலை தம் பழைய சுங்குடிப் புடவை இரண்டை எடுத்து, சம அளவில் கிழித்து மடித்து, அந்த அறையின் வாசலில் வைத்திருக்கிறார். குட்டிகள் நாளை காலை வருகின்றன.