பேர்ட்நெட் ஆட்-ஆன் ஓடுகிறது, ஆனால் ஒரு குருவியும் பதிவாகவில்லை: யாராவது வழி சொல்லுங்கள்

கொழுந்துக்கூடை (பொகவந்தலாவை), வியாழன் இரவு 10.40

வணக்கம். மூன்று நாளாக இதோடு மல்லுக்கட்டி ஓய்ந்துபோய் எழுதுகிறேன்.

வீட்டில் ராஸ்பெர்ரி பை 4 என்ற கையடக்கக் கணினி ஒன்று இருக்கிறது, 4 ஜிபி. அதில் வீட்டுச் சாதனங்களைக் கட்டுப்படுத்தும் ஹோம் அசிஸ்டென்ட் ஓஎஸ் போட்டிருக்கிறேன். இதுவரை தண்ணீர்த் தாங்கியின் மோட்டாரையும் இஸ்தோப்பு (முன்திண்ணை) விளக்கையும் கவனித்துக்கொண்டிருந்தது. அதே பெட்டியில் பறவைக் குரலை அடையாளம் காணும் பேர்ட்நெட்டையும் அதனோடு சேர்ந்து ஓடும் துணைச் செயலியாக, அதாவது ஆட்-ஆனாகக் கட்டி ஓட்டலாம் என்று தொடங்கினேன்.

ரெடிமேடாக ஆட்-ஆன்கள் இருப்பது தெரியும், அதைப் போட்டுக்கொள் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். எனக்குப் பெயர்கள் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் சொல்கிற மாதிரி வரவேண்டும். அம்மாயிக்கு அது ஆறுமணிக் குருவி. திரையில் 'இந்தியன் பிட்டா' என்று வந்தால் அவருக்கு அது வேறு ஏதோ குருவி. அதோடு, கட்டிப் பார்த்தால்தானே கைக்கு வரும்.

இதுவரை நடந்தது:

முதலில் வழக்கமான ஆல்பைன் லினக்ஸ் அடிப்படை இமேஜில் கட்டினேன். பேர்ட்நெட் மாடலை ஓட்டும் டிஎஃப்லைட் ரன்டைமை, பைதான் நிறுவியான பிப் மூலம் நிறுவும்போது 'பொருத்தமான பதிப்பு இல்லை' என்று நின்றுவிட்டது. டெபியன் லினக்ஸின் புக்வேர்ம் பதிப்பு இமேஜுக்கு மாற்றியதும் அது சரியானது. அப்புறம் ஆட்-ஆன் தொடங்கிய உடனே செத்துப்போனது. பதிவேட்டில், சேவைகளைத் தொடங்கிவைக்கும் எஸ்6 'பிஐடி 1 ஆக (முதல் நிரலாக) மட்டுமே ஓடுவேன்' என்றது. கான்ஃபிக் கோப்பில் இனிட் வரியை ஃபால்ஸ் ஆக்கியதும் எழுந்துவிட்டது.

இப்போது ஓடுகிறது. மூன்று விநாடிக்கு ஒருமுறை 'பகுப்பாய்வு முடிந்தது' என்று பதிவேட்டில் வரி விழுகிறது. ஆனால் இரண்டு நாளில் ஒரு குருவி கூட இல்லை. வாசலில் குக்குறுவான் தொண்டை கிழியக் கத்துகிறது, இது பாட்டுக்குச் சும்மா இருக்கிறது. நேற்றுப் பின்னேரம் மட்டும் ஒரே ஒரு பதிவு: 'கிட்டிவேக்', 0.72. அது என்ன குருவி என்றே எனக்குத் தெரியாது.

யூஎஸ்பி மைக்கை இஸ்தோப்புத் தூணில் கட்டியிருக்கிறேன். நம்பிக்கை வரம்பு 0.7, அதற்குக் கீழே வந்தால் பதிவாகாது.

பனிமூட்டம் (நுவரெலியா), வியாழன் இரவு 11.15

ஆல்பைனில் விழுந்ததற்குக் காரணம், அந்தப் பொதிகள் கிலிப்சி என்ற அடிப்படை சி நூலகத்துக்காகத் தொகுக்கப்பட்டவை. ஆல்பைனில் இருப்பது மஸ்ல் என்ற வேறு நூலகம். டெபியனுக்குப் போனது சரியான முடிவு. ஆனால் புக்வேர்மிலேயே இருங்கள். அதில் உள்ள பைதான் 3.11 வரைக்கும்தான் டிஎஃப்லைட் ரன்டைம் பொதிகள் வந்திருக்கின்றன. புதியதுக்குத் தாவினால் மறுபடி அதே பிழையில் போய் நிற்பீர்கள்.

இப்போதைய சிக்கல் மைக் என்றுதான் எனக்குப் படுகிறது. கான்ஃபிக்கில் ஆடியோ வரியை ட்ரூ ஆக்கியிருந்தால் ஒலி நேராக வராது, பல்ஸ்ஆடியோ என்ற ஒலிச் சேவை வழியாகத்தான் ஆட்-ஆன் ஓடும் கன்டெய்னருக்குள் வரும். பதிவுக் கட்டளையில் சாதனத்தின் பெயராக ஒலி அட்டை எண்ணைக் கொடுத்திருந்தால் அது எதையும் பிடிக்காது, 'பல்ஸ்' என்று கொடுக்க வேண்டும். ஆட்-ஆன் பக்கத்தில் ஒலி உள்ளீட்டுக்கு எந்த மைக் தேர்வாகியிருக்கிறது என்றும் பாருங்கள். பதிவான கோப்பு ஒன்றைக் கணினிக்கு எடுத்துக் காதால் கேளுங்கள். பாதிப் பிரச்சினைகள் அங்கேயே தெரிந்துவிடும்.

ஸ்டோர்சங்கு (தலவாக்கலை), வெள்ளி காலை 6.20

மழைக்காலத்தில் தகரக் கூரைக்குக் கீழே மைக்கா? தம்பி, நான் ஒரு மாதம் அப்படி வைத்துவிட்டு எடுத்தது முழுக்கத் தகரத்தில் விழுந்த மழைதான். வாசலைத் தாண்டி ஒரு கம்பத்தில் கட்டுங்கள், மேலே பாதி வெட்டிய பிளாஸ்டிக் போத்தலைக் கவிழ்த்துவிடுங்கள்.

இன்னொன்று. மனிதக் குரல் கேட்டால் அந்தத் துண்டைத் தூக்கி எறிகிற தனியுரிமை வடிகட்டி சில பதிப்புகளில் இருக்கிறது. லயத்தில் (தோட்ட வரிசை வீடுகளில்) எந்த நேரம்தான் பேச்சுச் சத்தம் இல்லை? காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் பெரட்டு நேரத்தில் குருவியும் கத்தும், ஆளும் கத்துவார்கள். அதைப் போட்டிருந்தால் உங்கள் காலைப்பொழுது முழுதும் குப்பைக்குப் போயிருக்கும்.

கொழுந்துக்கூடை, வெள்ளி மாலை 5.50

பனிமூட்டம் அண்ணே, 'பல்ஸ்' என்றுதான் கொடுத்திருக்கிறேன். மைக்கும் சரியாகத் தேர்வாகியிருக்கிறது. காலை 6 மணிக்குப் பதிவான கோப்புகளில் பத்தைக் கேட்டேன். 48 கிலோஹெர்ட்ஸ், சுத்தமாக இருக்கின்றன. பீலியில் தண்ணீர் விழுவது, பக்கத்து வீட்டுச் சேவல், நடுவில் குக்குறுவான், ஒன்றில் தையல் சிட்டு. எனக்கே தெரிகிற குரல்கள் இதற்குத் தெரியவில்லை.

ஸ்டோர்சங்கு அண்ணே, அந்த வடிகட்டியை நான் சேர்க்கவே இல்லை. மைக்கை மட்டும் கம்பத்துக்கு மாற்றிவிட்டேன். போத்தல் யோசனைக்கு நன்றி. அம்மா கொத்தமல்லி வைத்திருந்த போத்தலை வெட்டிவிட்டு ஏச்சு வாங்கினேன்.

பள்ளத்துவீடு (பண்டாரவளை), வெள்ளி இரவு 9.05

கிட்டிவேக் குருவியா? அது ஒரு கடற்காகம் தம்பி. வட அத்திலாந்திக், பனிக்கடல் பக்கத்துப் பாறைகளில் கூடு கட்டுவது. பொகவந்தலாவையில் அதற்கு என்ன வேலை? அந்த ஒரு பதிவைத்தான் நீங்கள் விட்டுவிடக் கூடாது.

ஒரு சோதனை செய்யுங்கள். குக்குறுவான் கத்துகிற அந்தக் கோப்பை எடுத்து, அகலாங்கு, நெட்டாங்கு இரண்டுக்கும் -1 கொடுத்து ஓட்டுங்கள். பேர்ட்நெட் அனலைசரில் அப்படிக் கொடுத்தால், அந்த இடத்தில் இருக்க வாய்ப்பில்லாத பறவைகளை ஒதுக்கும் இட வடிகட்டி முழுதாக விலகிவிடும். என்ன வருகிறது என்று சொல்லுங்கள்.

கொழுந்துக்கூடை, வெள்ளி இரவு 9.40

அக்கா!! கொட்டுகிறது. குக்குறுவான் 0.91. தையல் சிட்டு 0.84. சேவலுக்குக் கூட ஏதோ பெயர் வந்தது. ஆனால் நடுநடுவே தென்னமெரிக்காப் பக்கத்துப் பறவைகளும் வருகின்றன. அதையும் நம்ப முடியாது போல.

பள்ளத்துவீடு, வெள்ளி இரவு 9.55

அது சரிதான். 2.4 பதிப்பு மாடலில் 6,522 வகைகள் இருக்கின்றன. இடம் தெரியாவிட்டால் அது உலகம் முழுவதையும் தேடும், ஒத்த குரல் எங்கிருந்தாலும் இழுத்துவரும். அதனால் வடிகட்டி வேண்டும். உங்கள் வடிகட்டிதான் தப்பான ஊரில் நிற்கிறது.

பழைய எண்களைத் திரும்பப் போட்டு, ஒலியே இல்லாமல் அந்த இடத்துக்கான இனப்பட்டியலை மட்டும் அச்சிடுங்கள். அனலைசரோடு வருகிற ஸ்பீசீஸ் ஸ்கிரிப்ட் அதைச் செய்யும். பட்டியலையும், நீங்கள் கொடுத்த இரண்டு எண்களையும் இங்கே போடுங்கள்.

கொழுந்துக்கூடை, வெள்ளி இரவு 10.20

பட்டியல் சின்னதாக இருக்கிறது. ஃபுல்மர், கிட்டிவேக், லிட்டில் ஆக்... எனக்கு ஒன்றும் தெரிந்த பெயராக இல்லை. மைனா கூட இல்லை அக்கா. காகமும் இல்லை!

எண்கள்: அகலாங்கு 80.6, நெட்டாங்கு 6.8. எங்கள் தோட்ட டிவிசன் எல்லையை நானே ஒரு முறை வரைபடத்தில் வரைந்து ஜியோஜேசன் என்ற வரைபடக் கோப்பாக வைத்திருந்தேன், அதிலிருந்து எடுத்தேன்.

பள்ளத்துவீடு, வெள்ளி இரவு 10.45

கிடைத்துவிட்டது. இரண்டும் இடம் மாறியிருக்கின்றன. நாம் வடக்கே 6.8, கிழக்கே 80.6. நீங்கள் கொடுத்தது வடக்கே 80.6, கிழக்கே 6.8. அந்த இடம் ஸ்வால்பார்ட் தீவுகளுக்கு வடமேற்கே பனிக்கடலுக்குள் இருக்கிறது, அங்கிருந்து வடதுருவம் ஆயிரம் கிலோமீட்டர் சொச்சம். உங்கள் ஆட்-ஆன் இரண்டு நாளாக அங்கே உட்கார்ந்துகொண்டு குக்குறுவானைக் கேட்டு, 'இது இங்கே இருக்க வாய்ப்பில்லை' என்று ஒதுக்கியிருக்கிறது. அதன் பக்கம் தப்பில்லை.

ஜியோஜேசன் தரத்தில் நெட்டாங்குதான் முதலில் வரும், அகலாங்கு பின்னால். கைப்பேசி வரைபடத்தில் விரலை அழுத்தி எடுத்தால் அகலாங்கு முதலில். இதில் விழாதவர்கள் குறைவு, நானும் ஒருதரம் விழுந்திருக்கிறேன்.

ஆனால் எனக்குப் பிடித்த விஷயம் வேறு. அமைப்பு எண்களைச் சரிபார்க்கும் உங்கள் ஸ்கீமாவில் அகலாங்குக்கு -90 முதல் 90 வரை என்று எல்லை போட்டிருப்பீர்கள், எல்லாரும் அப்படித்தான் போடுகிறோம். சிங்கப்பூரில் இருக்கிற ஒருவர் இதே பிழையைச் செய்திருந்தால் 103.8 என்ற எண்ணைப் பார்த்ததும் சேமிக்கவே விடாது. நம்முடைய நெட்டாங்கு 79இலிருந்து 82க்குள் இருப்பதால் அது அகலாங்காகவும் செல்லுபடியாகிவிடுகிறது. சென்னைக்காரருக்கும் இதே கதிதான். அந்தச் சோதனை நம் மாதிரி ஊர்களுக்கு வேலை செய்யாது.

உங்களுக்கு மட்டும் என்றால் ஸ்கீமாவில் அகலாங்கை 5–10, நெட்டாங்கை 79–82 என்று இறுக்கிவிடுங்கள். தீவு முழுதும் அதற்குள் அடங்கும். மற்றவர்களுக்கும் கொடுக்கிற எண்ணம் இருந்தால் எண்ணைக் கேட்கவே வேண்டாம். ஹோம் அசிஸ்டென்டுக்கு வீடு எங்கே என்று ஏற்கெனவே தெரியும். கான்ஃபிக்கில் ஹோம் அசிஸ்டென்ட் ஏபிஐ வரியை ட்ரூ ஆக்கினால், சூப்பர்வைசர் டோக்கன் என்ற அனுமதிச் சாவியைக் கொண்டு, ஹோம் அசிஸ்டென்டின் மையப் பகுதியான கோரின் அமைப்புத் தகவலிலிருந்து இரண்டு எண்ணையும் பெயரோடு எடுத்துக்கொள்ளலாம். பெயரோடு எடுத்தால் வரிசை மாறாது.

கொழுந்துக்கூடை, வெள்ளி இரவு 11.30

தலையில் அடித்துக்கொண்டேன் அக்கா. கான்ஃபிக் கோப்பில் மாற்றி, ரீபில்டும் கொடுத்துவிட்டேன். பட்டியல் இன்னமும் பனிக்கடல்தான்!

பனிமூட்டம், வெள்ளி இரவு 11.50

கோப்பில் இருப்பது தொடக்க மதிப்பு மட்டும். அமைப்புப் பக்கத்தில் நீங்கள் ஒருமுறை சேமித்திருந்தால், அந்தப் பழைய எண்தான் நிற்கும், எத்தனை தடவை ரீபில்ட் செய்தாலும். டேட்டா கோப்புறையில் உள்ள ஆப்ஷன்ஸ் ஜேசனைத் திறந்து பாருங்கள், 80.6 உட்கார்ந்திருக்கும். அமைப்புப் பக்கத்தில் தொடக்க மதிப்புக்கு மீட்டமைத்து, சேமித்து, மறுபடி தொடங்குங்கள்.

நேற்று மைக்கைத் தேடவைத்துவிட்டேன், மன்னிக்கவும்.

கொழுந்துக்கூடை, சனி காலை 7.10

வந்துவிட்டது! காலை 5.50இலிருந்து 7 மணிக்குள் 11 இனங்கள். குக்குறுவான், தையல் சிட்டு, மைனா, செம்பகம், அப்புறம் மஞ்சட்காதுச் சின்னான். அது நம் மலையை விட்டால் உலகத்தில் வேறெங்கும் இல்லாத குருவி, அதை என் பெட்டி தானாகச் சொன்னபோது கொஞ்சம் சிலிர்த்துத்தான் போனது. 6.04க்கு ஆறுமணிக் குருவி, 0.88. அம்மாயியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "இதச் சொல்ல ஒரு மெசினா?" என்றுவிட்டுத் தேத்தண்ணி ஊற்றப் போய்விட்டார்.

இரண்டு சந்தேகங்கள். ஒன்று, பட்டியலில் கீழ்நாட்டுக் காட்டுப் பறவைகளும் இருக்கின்றன, எங்கள் உயரத்தில் நான் கேட்டதே இல்லை. இரண்டாவது, எஸ்டி கார்டு நிரம்பாமல் இருக்க 0.7க்குக் குறைந்த ஒலித்துண்டுகளை அழித்துவிடவா?

பள்ளத்துவீடு, சனி காலை 9.30

முதலாவது: இட வடிகட்டிக்குப் போவது மூன்றே மூன்று தகவல்கள்தான், அகலாங்கு, நெட்டாங்கு, வருடத்தின் வாரம். வாரம் என்றால் மாதத்துக்கு நான்காக 48. உயரம் அதற்குத் தெரியாது. கினிகத்தேனை வழியாக இறங்கினால் கித்துல்கல வந்துவிடுகிறது, அங்கே கத்துவது வேறு கூட்டம். அதைக் கைப்பட ஒரு விலக்குப் பட்டியலில்தான் சரிசெய்ய வேண்டும். வாரத்தை விட்டுவிடாதீர்கள். ஆறுமணிக் குருவி குளிர்காலத்துக்கு மட்டும் வந்து போவது, மே மாதத்தில் அது பதிவானால் சந்தேகப்படலாம்.

இரண்டாவது: எல்லாவற்றையும் அழிக்காதீர்கள். செரண்டிப் ஆந்தையை இலங்கைப் பறவையியலாளர் தீபால் வரகாகொட முதலில் குரலாகத்தான் அறிந்தார், 1995இல், அதே கித்துல்கல காட்டில். கண்ணால் பார்த்தது 2001இல், புது இனமாக விவரித்தது 2004இல். உங்கள் மைக்கில் அப்படி ஒன்று விழும் என்று சொல்லவில்லை. இரவுக் குரல்களில் குறைந்த எண் வந்தவற்றை மட்டும் ஒரு பென் டிரைவுக்கு ஒதுக்கிவையுங்கள். தற்காலிகக் கோப்புகள் நினைவகத்திலேயே இருக்கட்டும், கான்ஃபிக்கில் டிஎம்பிஎஃப்எஸ் வரி அதற்குத்தான். மின்வெட்டில் கார்டு சாவது எழுதிக்கொண்டே இருப்பதால்தான்.

ஸ்டோர்சங்கு, சனி பகல் 12.05

பெயர்க் கோப்பைத் தமிழாக்கும்போது ஒரு எச்சரிக்கை தம்பி. விரிதாளில் திறந்து அகர வரிசைப்படுத்திவிடாதீர்கள். மாடல் தருவது வரி எண், பெயர் இல்லை. ஒரு வரி நகர்ந்தாலும் மைனா கத்தினால் ஆந்தை என்று எழுதும். நான் அப்படி ஒரு கிழமை சந்தோஷமாக இருந்தேன், எங்கள் டிவிசனில் இத்தனை அபூர்வப் பறவைகளா என்று.

கொழுந்துக்கூடை, சனி மாலை 6.30

நல்லவேளை சொன்னீர்கள், அகர வரிசைதான் போட இருந்தேன். விஞ்ஞானப் பெயரை அப்படியே விட்டு, அடிக்கோட்டுக்குப் பின்னால் உள்ள பெயரை மட்டும் மாற்றுகிறேன். இடத்தையும் இப்போது ஹோம் அசிஸ்டென்டிலிருந்தே எடுக்கிறது.

கேள்வி தீர்ந்தது என்று குறித்துவிட்டேன். பெயர்க் கோப்புக்குத் தனி இழை தொடங்குகிறேன், அங்கே வாருங்கள். முதல் தகராறு இப்போதே வந்துவிட்டது: மஞ்சட்காதுச் சின்னானை அம்மாயி வெறும் 'கொண்டைக்குருவி' என்கிறார், வாசலில் வருகிற மற்றச் சின்னானையும் அதே பெயரில்தான் கூப்பிடுகிறார். உங்கள் தோட்டங்களில் இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் உண்டா?