கலர் பென்சில் பென்டன்: நிறம் இழுபடுது, ரெசின் ஒட்டுது. ஆசிரியர் தினத்துக்கு 40 வேணும்

வெள்ளவத்தை_நூல்:

வணக்கம். ஒக்டோபர் 6 ஆசிரியர் தினத்துக்கு 40 பென்டன் செய்ய வேணும். 25 கலர் பென்சில் பென்டன்: ஏழு பென்சிலைச் சேர்த்து ஒட்டி, குறுக்கே அறுத்தெடுக்கிற பூ வடிவம். மற்ற 15உம் 25 மி.மீ. வட்டத் தட்டு. அதுக்குள் சதுரக்கோட்டுக் கொப்பித் தாள், தாளில் பாடத்தின் முதல் எழுத்து (கணிதத்துக்கு "க", சங்கீதத்துக்கு "ச" மாதிரி), மேலே ரெசின் (ஊற்றினால் கண்ணாடி மாதிரி இறுகும் திரவம்).

மாதிரித் துண்டுகளில் வந்த பிழைகள் இவை. பென்சில் துண்டைச் சாண்ட் பேப்பரில் தேய்த்தால் கறுப்பும் சிவப்பும் பக்கத்து மரத்துக்குள் இழுபட்டு முகம் அழுக்காகுது. சில துண்டில் நடுக் கூரே (எழுதும் நிறக் குச்சி) கழன்று விழுது. ரெசின் இரண்டு நாளாகியும் தொட்டால் ஒட்டுது. கொப்பித் தாளில் எண்ணெய் பட்ட மாதிரிக் கருந்திட்டு. எழுத்து கலர் பிரின்டரில் எடுத்தது, அதன் ஓரமும் கசியுது. பென்சில்கள் பைண்டர் கம்மால் (வெள்ளைப் பசை) ஒட்டினவை. ரெசின் 1:1 வகை (ரெசினும் அதை இறுக வைக்கும் திரவமான இறுக்கியும் சம அளவு), தராசில் நிறுத்துக் கலந்தது.

எதை மாற்ற வேணும்? சங்கிலிக்கு என்ன நீளம் சரி என்றும் சொன்னால் உதவி.

மரத்தூள்:

பென்சில் பக்கத்தை நான் சொல்கிறேன், ரெசினை அது தெரிந்தவர் சொல்லட்டும்.

முதல் பிழை பசையில். பென்சிலின் வெளிப் பூச்சு வழவழப்பானது. பைண்டர் கம் ஊறிப் பிடிக்க மரம் வேணும், பூச்சில் அது தோல் மாதிரி உரிந்து வரும். 220 சாண்ட் பேப்பரால் (எண் கூடக்கூட மென்மை) ஆறு பக்கமும் பளபளப்பு மங்கும்வரை மட்டும் உரசுங்கோ. பூச்சை முழுக்க எடுக்க வேண்டாம். அறுத்த பிறகு ஒவ்வொரு பென்சிலையும் சுற்றி மெல்லிய நிறக் கோடாகத் தெரிவது அதுதான், பூவுக்கு வடிவு தருவதும் அதுதான். ஒட்டுவதற்கு இரண்டு குழாயில் வரும் எபொக்சி பசை. ஒட்டியதும் பழைய சைக்கிள் டியூபை 1 செ.மீ. அகலப் பட்டியாக வெட்டி, கட்டின் மூன்று இடத்தில் இறுக்கிச் சுற்றி 24 மணித்தியாலம் விடுங்கோ. ரப்பர் பாண்டின் பிடி போதாது. நடுவில் இடைவெளி விழுந்தால் அறுக்கும்போது கட்டு பிரியும்.

அறுகோணப் பென்சிலாகப் பார்த்து வாங்குங்கோ. உருண்டைப் பென்சிலில் மூன்று பென்சில் சேரும் இடமெல்லாம் ஓட்டை விழும்.

கணக்கு: பென்சில் நீளம் ஏறக்குறைய 17.5 செ.மீ. துண்டு 5 மி.மீ., வாள் தின்பது 1 மி.மீ. அப்படிப் பார்த்தால் 29 துண்டு. இரு நுனியும் கழிவு, அறுக்கும்போது நாலைந்து கோணலாகும். 25 தேவையென்றால் ஒரு கட்டு மட்டுமட்டு. இரண்டு கட்டு போடுங்கோ, 14 பென்சில் போகும். ஒரு கட்டிலிருந்து வரும் எல்லாத் துண்டிலும் நிற ஒழுங்கு ஒன்றுதான், இரண்டு கட்டுக்கு இரண்டு ஒழுங்கு வைக்கலாம்.

வாள்: இரும்பறுக்கும் வாளில் அங்குலத்துக்கு 32 பல்லுள்ள அலகு. பெரிய பல் நுனி மரத்தைப் பிய்க்கும். பென்சில் கட்டினை மரச் சட்டத்தில் இறுக்கி, அழுத்தாமல் வாளின் பாரத்திலேயே அறுங்கோ. வேகமாக அறுத்தால் சூடு ஏறும், கூர் இளகும்.

நிறம் இழுபடும் காரணமும் இந்தச் சூடுதான். கலர் பென்சில் கூர் என்பது நிறப்பொடியும் மெழுகும் களியும் சேர்ந்தது. தேய்க்கும் சூட்டில் மெழுகு இளகி, பொடியோடு சேர்ந்து களிம்பாகிறது. குறுக்கே அறுத்த மரத்தின் முகம் ஆயிரம் குழாய் திறந்து கிடக்கிற மாதிரி, களிம்பு நேரே உள்ளே போய் அடைத்துக்கொள்ளும். பிறகு எவ்வளவு தேய்த்தாலும் அழுக்கு ஆழமாகப் போகுமே தவிர வெளியே வராது.

ஆகவே தேய்ப்பதற்கு முன்னமே குழாய்களை மூட வேணும். அறுத்த துண்டைக் காய்ந்த பல்துலக்கித் தூரிகையால் தட்டித் தூளை எடுத்து, தண்ணி மாதிரி ஓடும் மெல்லிய சுப்பர் குளுவை இரண்டு முகத்திலும் ஊறவிடுங்கோ. ஒரு துண்டுக்கு நாலைந்து துளி. ஆடும் கூரையும் அது பிடித்துவிடும். இரண்டு மணித்தியாலம் காயட்டும். கொழும்பு ஈரக் காற்றில் சுப்பர் குளு வெள்ளைப் புகையாகப் படியும், மூடிய பெட்டிக்குள் காய வைக்காமல் காற்றோட்டமான இடத்தில் வையுங்கோ. கண்ணையும் எரிக்கும்.

பிறகு முதல் வேலை தேய்ப்பதில்லை, சுரண்டுவது. புது சவர பிளேட்டைத் துண்டின் முகத்துக்குச் செங்குத்தாகப் பிடித்து ஒரே பக்கமாக இழுங்கோ. மெல்லிய சுருள் வரும், தூள் வராது. தூள் இல்லையென்றால் அழுக்கும் இல்லை. வாளின் தடம் போனதும் கண்ணாடித் துண்டின் மேல் 400 சாண்ட் பேப்பரை விரித்து, பென்சில் துண்டை ஒரே திசையில் நாலு தரம் இழுத்து, தாளைத் தூரிகையால் தட்டி, புது இடத்துக்கு மாற்றி, மறுபடி. வட்டமாகத் தேய்க்கவே கூடாது. முடிவில் 600. தண்ணி போட்டுத் தேய்ப்பதும் ஆகாது.

நிறத்தை அடுக்கும்போதும் யோசியுங்கோ. நடுவில் மஞ்சள், அதைச் சுற்றிக் கறுப்பும் கடும் நீலமும் என்றால் மஞ்சள் பச்சையாகிப்போகும். கடும் நிறத்தை வெளி வட்டத்தில் ஒன்றுக்கொன்று எதிரெதிரே வையுங்கோ. கறுப்பை விட்டு மண்ணிறம் போட்டால் இன்னும் நல்லது.

கொட்டாஞ்சேனை_கைவேலை:

ரெசின் ஒட்டுவதற்கு இரண்டு காரணம் உண்டு. எது என்று முதலில் பாருங்கள். நகத்தால் அழுத்துங்கள். பள்ளம் விழுந்தால் கலவை பிழை, அது இனி இறுகாது. பள்ளம் விழாமல் மேலே மட்டும் மெழுகு பூசின மாதிரி வழுக்கினால், அது ஈரக் காற்றால் வந்த படலம். இளஞ்சூட்டுத் தண்ணீரும் பாத்திரம் கழுவும் திரவமும் போட்டுப் பஞ்சால் துடைத்தால் போய்விடும். படலத்தைக் கழுவாமல் அதன் மேல் அடுத்த பூச்சு ஊற்றினால் அது பிடிக்காது.

நீங்கள் தராசில் நிறுத்ததாகச் சொல்வதால் முதலாவதுதான் என்று நினைக்கிறேன். போத்தலில் 1:1 என்று இருப்பது பெரும்பாலும் கன அளவு. இறுக்கி ரெசினை விடப் பாரம் குறைந்தது. 10 கிராமுக்கு 10 கிராம் போட்டால் இறுக்கி கூடிப்போகும், இளகலாகவே நிற்கும். நிறை விகிதம் லேபலில் தனியாகப் போட்டிருந்தால் மட்டும் தராசைப் பாவியுங்கள். இல்லையென்றால் ஊசி இல்லாத இரண்டு சிரிஞ்சு, ஒன்று ரெசினுக்கு, ஒன்று இறுக்கிக்கு. மாறக்கூடாது.

அளவு: 25 மி.மீ. தட்டு, 3 மி.மீ. ஆழம் என்றால் ஒன்றுக்கு ஏறக்குறைய 1.5 மி.லீ. 15 தட்டுக்கு 22 மி.லீ. கோப்பையில் ஒட்டி நிற்பதும் சேர்த்து 15 + 15 ஆக 30 மி.லீ. கலவுங்கள். அதற்காக இரண்டு மூன்று தட்டுக்கென்று 4 மி.லீ. கலக்க வேண்டாம். அவ்வளவு சிறிய கலவையில் அரை மி.லீ. பிசகினாலே விகிதம் கெட்டுவிடும்.

மூன்று நிமிடம் மெதுவாகக் கலந்து, ஓரத்தையும் அடியையும் வழித்து, வேறொரு சுத்தமான கோப்பைக்கு மாற்றி இன்னும் ஒரு நிமிடம். இந்த இரண்டாவது கோப்பையைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பழைய கோப்பையின் சுவரில் கலவாத இறுக்கி ஒட்டியிருக்கும், கடைசியில் வழித்து ஊற்றும் தட்டுகள்தான் ஒட்டும். கலக்க ஐஸ்கிரீம் குச்சியும் ஈர்க்கும் வேண்டாம், பிளாஸ்டிக் கரண்டி எடுங்கள். மரத்தில் ஈரமும் காற்றும் இருக்கும்.

வேலை நேரம் லேபலில் 40 நிமிடம் என்றிருந்தால் அது குளிர்ந்த அறைக்குச் சொன்னது. இங்கே 30 பாகையில் அவ்வளவு கிடைக்காது. ஒக்டோபர் பின்னேரங்களில் இடியோடு மழை வரும். காலையில் ஊற்றுங்கள். ஊற்றிய தட்டுகளை மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டிக்குள், சப்பாத்துப் பெட்டியில் வரும் சிலிக்கா பக்கெற் நாலைந்து போட்டு வையுங்கள், தூசியும் விழாது. ஏ.சி. அறையில் இருந்த போத்தலை வெளியே எடுத்த உடனே திறக்க வேண்டாம். குளிர்ந்த கிளாசில் போல அதிலும் நீர் பூக்கும். கைக்கு நைட்ரைல் கையுறை கட்டாயம். ரெசின் ஒவ்வாமை ஒருமுறை பிடித்தால் விடாது.

கருந்திட்டு: மூடாத தாள் ரெசினை உறிஞ்சிக் கண்ணாடித் தாள் மாதிரி ஆகிறது. முன், பின், ஓரம் மூன்றுக்கும் பைண்டர் கம் இரண்டு பூச்சு, ஒவ்வொன்றும் முழுக்கக் காய்ந்த பிறகு. திட்டு எப்போதும் ஓரத்திலிருந்துதான் தொடங்கும், வெட்டிய பிறகு ஓரத்தைப் பூச மறப்பதுதான் காரணம். எழுத்தைக் கலர் இன்க் பிரின்டரில் எடுத்தால் பைண்டர் கம்மின் தண்ணீரிலேயே கசியும். போட்டோகொப்பிக் கடையில் லேசரில் எடுங்கள், டோனர் கசியாது. "வி", "ச" போன்றவற்றுக்குத் தடித்த எழுத்துரு எடுங்கள். ரெசினுக்கு அடியில் மெல்லிய சுழி சதுரக் கோட்டோடு கலந்து தொலைந்துவிடும்.

வெள்ளவத்தை_நூல்:

நன்றி இரண்டு பேருக்கும். நகம் பதியுது, அப்ப கலவைதான் பிழை. ஊற்றின தட்டுகளைத் திருத்த வழி இருக்கா? மரத்தூள் அண்ணா, பென்சில் துண்டுக்கு மேல் பூச்சு எது, வளையத்தை எங்கே மாட்டுவது?

கொட்டாஞ்சேனை_கைவேலை:

இளகலை எவ்வளவு முடியுமோ அவ்வளவு சுரண்டி எடுத்து, சரியான கலவையை மெல்லிதாக மேலே ஊற்றினால் மூடிவிடும். அடியில் இளகலாக இருந்தால் வெயிலில் வழியும். 15 தட்டுதானே, புதுத் தட்டில் தொடங்குங்கள்.

மரத்தூள்:

தூரிகையால் வார்னிஷ் பூசினால் மெழுகுக் கூரை இழுத்து மறுபடி நிறம் பரவும். ஸ்ப்ரே வார்னிஷ் என்றால் ஒரு அடி தள்ளிப் பிடித்து மூன்று மெல்லிய பூச்சு. கண்ணாடி மாதிரிக் குமிழ் முகம் வேணுமென்றால் யூ.வி. ரெசின். 2 மி.மீ. தடிப்பத்துக்குள் வைத்தால் யூ.வி. (புற ஊதா) விளக்கில் சில நிமிடத்தில் இறுகும், கலவைப் பிரச்சினையே இல்லை. முதலில் பேருக்கு ஒரு மெல்லிய பூச்சை இறுக்குங்கோ. மரத்துக்குள் இருக்கிற காற்று அதில் வெளியேறிவிடும். அடுத்த பூச்சைத்தான் குமிழாகத் துளி துளியாக விடுவது. ஒரேயடியாகத் தடிப்பாக விட்டால் ஒவ்வொரு கூருக்கு மேலும் ஒரு காற்றுக் குமிழி நிற்கும்.

வளையம்: வெளிப் பென்சில் ஒன்றின் தட்டைப் பக்கத்தில், நடுவாக, கையால் திருகும் துளைப்பானில் 1 மி.மீ. ஓட்டை, 5 மி.மீ. ஆழம். பிறகு 8 மி.மீ. கண் திருகாணியை 5 மி.மீ. ஆக வெட்டி, நுனியில் எபொக்சி தொட்டுத் திருகுங்கோ. ஓட்டை போடாமல் நேரே திருகினால் பென்சில் பிளக்கும், மரத்தின் இழை அந்தத் துண்டில் முன்னும் பின்னுமாக ஓடுவதால். இரண்டு பென்சில் சேரும் பொருத்தில் ஓட்டை போட்டால் பசை விட்டுவிடும். இதையெல்லாம் குமிழ்ப் பூச்சுக்கு முன்னமே முடியுங்கோ.

மணிக்கோர்வை:

சங்கிலியைப் பற்றி யாரும் சொல்லவில்லை. டீச்சர்மார் சேலையோடு போடப் போவது, அதை வைத்துத்தான் எல்லாம்.

45 செ.மீ. சங்கிலி கழுத்தடியில் நிற்கும். சேலைக்கு மேல் பென்டன் தெரிய 60 முதல் 65 செ.மீ. வேணும். நீளத்தைக் கூட்டிக் குறைக்க வேணுமென்றால் 55 செ.மீ. வெட்டி, பின்னால் 8 செ.மீ. நீட்டுச் சங்கிலி போடலாம். மெழுகு நூல் என்றால் 1.5 மி.மீ. தடிப்பு, ஒன்றுக்கு 90 செ.மீ. வெட்டி இழுமுடிச்சு இரண்டு போட்டால் கொக்கியே தேவையில்லை. 40 பென்டனுக்கு 36 மீற்றர் போகும், 40 மீற்றராக வாங்குங்கள்.

வளையத்தைப் பக்கவாட்டில் திறக்க வேணும். இரண்டு தட்டைக் குறட்டால் இரு நுனியையும் பிடித்து, ஒன்றை முன்னுக்கும் மற்றதைப் பின்னுக்கும். வெளிப்பக்கம் இழுத்து அகட்டினால் வட்டம் கெடும், திரும்ப மூடினாலும் மயிரிழை இடைவெளி நிற்கும். பட்டுச் சேலை நூலை இழுப்பது அந்த இடைவெளிதான். மூடிய பிறகு ஒரு நைலோன் காலுறைத் துண்டை அதன் மேல் உரசிப் பாருங்கள். சிக்கினால் திரும்பக் குறட்டில் அழுத்துங்கள். 40ஐயும் உரசிப் பார்க்கப் பத்து நிமிடம் போதும், தயவுசெய்து விடாதீர்கள். பென்சில் துண்டின் பின் ஓரத்தையும் 400ஆல் மழுக்குங்கள். 6 மி.மீ. வளையம், 1 மி.மீ. கம்பி நல்லது. 0.7 கம்பி கையாலேயே விரியும்.

உலோகம்: புறக்கோட்டைக் குறுக்குத் தெருக்களின் ஃபான்சி மொத்தக் கடைகளில் வெள்ளி நிறத்தில் தொங்குவதெல்லாம் ஒன்றல்ல. ஒரு சின்னக் காந்தம் கொண்டுபோங்கள். இறுக்கிப் பிடித்தால் உள்ளே இரும்பு, வியர்வை பட்டுப் பூச்சு போனதும் துருப்பிடிக்கும். பிடிக்காவிட்டால் பித்தளையாகவும் இருக்கலாம், ஸ்டீலாகவும் இருக்கலாம், அதனால் 304 அல்லது 316 ஸ்டீல் (துருப்பிடிக்காத வகைகள்) என்று கேட்டே வாங்குங்கள். கழுத்து அரிப்புக்குப் பெரும்பாலும் காரணம் நிக்கல் பூச்சு. பித்தளையும் செம்பும் வியர்வையில் பச்சை பிடிக்கும். பின்பக்கம் நிறமில்லாக் கியூட்டெக்ஸ் பூசுவது சில கிழமைக்குத்தான் தாங்கும்.

பிள்ளைகளுக்கும் இதே மாதிரிக் கேட்டால் இழுத்தால் தானாக விடுபடும் பிளாஸ்டிக் கொக்கி போடுங்கள். இழுமுடிச்சு நூல் பிள்ளைகளின் கழுத்துக்கு ஆகாது.

இன்னொன்று. பாடசாலை இலச்சினையைத் தட்டில் வைக்கச் சொல்லி யாராவது கேட்டால் அதிபரின் எழுத்து மூல அனுமதி இல்லாமல் செய்ய வேண்டாம்.

வெள்ளவத்தை_நூல்:

அக்கா, சேலை நூல் சிக்கும் என்பதை நான் யோசிக்கவே இல்லை. மெழுகு நூலே எடுக்கிறேன், பென்டனில் மட்டும் ஸ்டீல் வளையம். நாளைக்கு 14 பென்சிலையும் உரசி ஒட்டுறன், நாளை மறுநாள் அறுக்கிறது.

மரத்தூள்:

ஒட்டும்போது ஆறு வெளிப் பென்சிலின் பெயர் எழுத்துகளையும் உட்பக்கம் திருப்புங்கோ. வெளியே இருந்தால் பென்டனின் ஓரத்தில் பொன் எழுத்துத் துண்டு துண்டாகத் தெரியும்.