புதுப்பிப்பு: கியூபெக் மூதாதையர் தேடல், இரட்டைக் குடும்பப்பெயர்ச் சிக்கல்

முந்தைய இழையில் நியூ பிரான்சு (இன்றைய கனடாவின் கியூபெக் உள்ளிட்ட பழைய பிரெஞ்சுக் குடியேற்றம்) குடியேறிகளின் 'தி' (dit) பெயர்களை, அதாவது குடும்பப்பெயரோடு ஒட்டிவந்த மாற்றுப்பெயர்களை, அறிமுகம் செய்திருந்தேன். "1700-களில் தடம் அறுந்துபோகிறதே, என்ன செய்வது?" என்று பலர் கேட்டிருந்தீர்கள்.

பெரும்பாலும் ஆள் தொலைவதில்லை, பெயர்தான் மாறியிருக்கும். 1665-இல் வந்த கரிஞான்-சலியேர் என்ற பிரெஞ்சுப் படைப்பிரிவின் வீரர்கள் பலருக்குப் படைப்பெயர், அதாவது படையில் வழங்கிய மாற்றுப்பெயர், உண்டு. 'யுதோன் தி போலியு' வழியில் ஒரு கிளை யுதோன், இன்னொன்று போலியு. ஒரே வீட்டு அண்ணன் தம்பிகள்கூட இப்படிப் பிரிவார்கள். அமெரிக்காவுக்குப் போனவர்களிடம் இன்னொரு திருகல், பெயரையே ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துக்கொள்வார்கள்: ருவா 'கிங்' ஆகும், புவாவேர் 'கிரீன்வுட்' ஆகும்.

ஆகவே ஞானஸ்நானப் பதிவில் தொடங்காதீர்கள். திருமணப் பதிவைப் பிடியுங்கள். முதல் திருமணமானால் இருவரின் பெற்றோர் பெயரும் பொதுவாக இருக்கும். பெண்கள் பிறந்த வீட்டுப் பெயரிலேயே பதிவானார்கள். கணவன் பெயர் குழப்பினால் மனைவியின் முழுப்பெயரை வைத்துத் தேடுங்கள், வேலை பாதியாகக் குறையும். மறுமணப் பதிவில் பெற்றோருக்குப் பதில் இறந்த துணையின் பெயர்தான் வரும். அங்கிருந்து முதல் திருமணத்துக்குப் போங்கள்.

தேவாலயப் பங்கின் பதிவேடு எரிந்துபோயிருந்தால் நீதிமன்றத்தில் வைத்த நகலைப் பாருங்கள். 1679 முதல் இரண்டு நகல்கள் எழுதும் முறை இருந்தது. அதுவும் இல்லையென்றால் நோட்டரி முன் எழுதிய திருமண ஒப்பந்தம். ஆனால் ஒப்பந்தம் மட்டும் திருமணம் நடந்ததற்குச் சான்றாகாது, சில ரத்தாகியிருக்கின்றன.

உறவுமுறை விலக்குக் குறிப்பையும், அதாவது உறவினர் மணக்கத் திருச்சபை தந்த அனுமதியையும், விட்டுவிடாதீர்கள். உறவு 'நான்காம் படி' (நான்காம் நிலை) என்றிருந்தால் மணமக்களுக்குப் பாட்டனின் பாட்டன் தலைமுறையில் பொது மூதாதையர் உண்டு.