மை வார் இரண்டாம் பக்கம்: பிளாக் ஃபிளாக் அங்க வளந்ததா, வழி மாறினதா?

வாவிக்கரை (மட்டக்களப்பு):
போன கிழமை வேறொரு இழையில மருதமுனையான் காக்கா அமெரிக்க பங்க் பேண்ட் பிளாக் ஃபிளாக்கைப் பத்தி ஒரு வசனம் எழுதி இருந்தார்: "பிளாக் ஃபிளாக் 1981ல முடிஞ்சுது, மறுகா வந்ததெல்லாம் தலைமயிர் வளத்த ராக் பேண்ட்." அது கிட்டார் பெடல் பத்தின இழை. அங்க பதில் எழுதினா கதை திசை மாறும் எண்டு தனியாத் திறக்கிறன்.

1984ல வந்த அவங்கட மை வார் இசைத்தட்டுட ரெண்டாம் பக்கத்தில மூண்டே மூண்டு பாட்டு. ஒவ்வொண்டும் ஆறு நிமிசத்துக்கு மேல. 1979ல வந்த முதல் இ.பி.ய (சின்ன இசைத்தட்டு) எடுத்துப் பாருங்க, நாலு பாட்டும் சேந்து அஞ்சு நிமிசம் சொச்சம். அஞ்சே வருசத்தில ஒரு பாட்டுட நீளம் ஒரு முழு இ.பி.யத் தாண்டிட்டுது. அந்த மூண்டு பாட்டும்தான் அவங்க செய்த ஆகக் கடினமான ஹார்ட்கோர் (வேகமும் கோபமும் கூடின பங்க்) எண்டது என்ட கட்சி. வேகமான பாட்டில கோபம் வெடிச்சு வெளியால போயிரும். இதில போக வழி இல்ல. பாடகர் ரோலின்ஸ் கத்தக்குள்ள அந்தக் கத்தல் முடியிற இடத்தில உங்களுக்கு அடுத்த அடி கிடைக்காது, காத்திருக்க வேணும். அப்பிடிக் காத்திருக்க வைக்கிற துணிச்சல் அந்த நேரம் வேற ஆருக்கும் இருக்கல்ல.

புதுக்காது (கல்முனை):
நான் மெட்டல் கேக்கிற ஆள். நாலு கறுப்புக் கோடு போட்ட டீசேட் கண்டிருக்கன், அவ்வளவுதான். ஆரு இவங்க எண்டு ஒராள் சுருக்கமாச் சொல்லுங்களன்.

வாவிக்கரை:
1976ல கலிபோர்னியா, ஹெர்மோசா பீச். கிட்டார் கிரெக் கின், ஆரம்பத்தில இருந்து கடைசி மட்டும் நிண்ட ஒரே ஆள். முதல் பேர் பானிக். அதே பேரில வேற பேண்ட் இருந்ததால மாத்தினாங்க. புதுப் பேரும் அந்த நாலு கோடும் கின்ட தம்பி ரேமண்ட் பெட்டிபோன்ட வேலை. கோடு நாலும் காத்தில அசையிற கொடி. கின் பொடியனா இருக்கக்குள்ளயே பழைய வானொலிச் சாமான் தபால்ல வித்தவர். அந்த எஸ்.எஸ்.டி. எண்ட பேரையே மறுகா இசைத்தட்டுக் கம்பனிக்கு வைச்சார். பாடினவங்க வரிசையா கீத் மோரிஸ், ரான் ரேயஸ், டெஸ் கடேனா, 1981ல ஹென்றி ரோலின்ஸ். ரோலின்ஸ் வாஷிங்டன்ல ஐஸ்கிரீம் கடையில வேலை செய்தவர். நியூயோர்க் நிகழ்ச்சியில மேடைக்கு ஏறி ஒரு பாட்டுப் பாடினதைப் பாத்துத்தான் கூப்பிட்டாங்க. 1981 டிசம்பர்ல டேமேஜ்ட் எண்ட இசைத்தட்டு வந்தது. 1986ல கலைஞ்சுது.

மருதமுனையான்:
தம்பி, தனி இழை திறந்தது நல்லம். என்ட கதையையும் முழுசாச் சொல்லுறன்.

எனக்கு வேகம் பெரிய விசயமில்ல. எனக்குப் பெரிசு சபை. 1979, 80ல அவங்களுக்கு வாசிக்க இடம் தாறதுக்கு ஆள் இல்ல. மேன்ஹட்டன் பீச்சில ஒரு பூங்காவில, குடும்பம் குடும்பமா சாப்பாட்டோட வந்திருந்த சனத்துக்கு முன்னால வாசிச்சு, அந்தச் சாப்பாட்டாலேயே எறி வாங்கினவங்க. லொஸ் ஏஞ்சல்ஸ் பொலிஸ் நிகழ்ச்சிக்கு நிகழ்ச்சி வந்து நிக்கும். அந்த நிலையில மேடைக்கும் தரைக்கும் வித்தியாசம் இல்லாத ஒரு சபைய அவங்க உண்டாக்கினாங்க. ரைஸ் அபவ் பாட்டுட கோரஸ் ஒராள் பாடுறதுக்கு எழுதினதில்ல, கும்பலாக் கத்துறதுக்கு எழுதினது. கேக்கிற பொடியன் அடுத்த நாள் தானும் ஒரு கிட்டார் எடுப்பான். நாலு கிட்டார் கோர்ட் தெரிஞ்சாப் போதும்.

மை வார் ரெண்டாம் பக்கத்தில அந்தப் பொடியனுக்கு என்ன வேலை? நிண்டு பாக்கிறதுதான் வேலை. கின் சோலோ எடுப்பார், ரோலின்ஸ் தன்ட நோவைச் சொல்லுவார், சபை கைகட்டி நிக்கும். பங்க் வந்ததே அந்த மேடைத் தூரத்தை உடைக்கத்தான். அந்தத் தூரத்தை அவங்களே திரும்பக் கட்டினாங்க, அதான் என்ட கோபம்.

காரைதீவு ட்ரம்ஸ்:
ரெண்டு பேரும் 1984ல என்னவோ திடீரெண்டு நடந்த மாதிரிக் கதைக்கிறீங்க. டேமேஜ்ட்ட கடைசிப் பாட்டை ஒருக்காப் போட்டுக் கேளுங்க. ஊருற பாட்டு அது. 1981ல பதிஞ்சது, ரோபோ எண்ட ட்ரம்மர் அடிச்சது. ரோபோ கொலம்பியாக்காரன், கையில காப்பு போட்டுக்கொண்டு அடிப்பான். நல்ல ஹெட்ஃபோன்ல கேட்டா ஸ்னேர் ட்ரம் அடி விழுற நேரமெல்லாம் காப்புச் சத்தமும் சேந்து விழும். வேகப் பாட்டில அது அள்ளுண்டு போகும், அந்தக் கடைசிப் பாட்டில தனியாக் கேக்கும். அந்த வருச முடிவில இங்கிலாந்துப் பயணத்தில விசாச் சிக்கலாகி அவன் பேண்டுக்குத் திரும்பி வரல்ல.

மறுகா வழக்கு. டேமேஜ்டை எம்.சி.ஏ. எண்ட பெரிய இசைத்தட்டுக் கம்பனி விநியோகிக்க வேணும், அதில ஒரு பெரிய அதிகாரி பெற்றாருக்கு எதிரான இசைத்தட்டு எண்டு சொல்லி மறுத்திட்டார். அவர் சொன்னதையே ஸ்டிக்கராக்கி உறையில ஒட்டி வித்தாங்க. நடுவில நிண்ட யூனிகார்ன் கம்பனி வழக்குப் போட்டு, பேண்ட பேரில ஒண்டும் வெளியிட முடியாமத் தடை. 1982ல பழைய பதிவுகளைப் பேண்ட் பேர் இல்லாம, ஆக்கள்ட பேரை மட்டும் போட்டு வெளியிட்டாங்க. அதுக்கு கின்னும் பேஸ் வாசிச்ச சக் டுகாவ்ஸ்கியும் சில நாள் சிறையிலயும் இருந்தாங்க. அதே 1982ல சக் பிஸ்கட்ஸ் ட்ரம்ஸ் அடிச்ச டெமோ ஒண்டு கள்ளக் கொப்பியா சுத்துது. 1984ல வந்த பாட்டுகள் சிலது அதில அப்பவே இருக்கு. யூனிகார்ன் முறிஞ்சு போன பிறகுதான் கதவு திறந்தது. 1984ல மட்டும் மை வார், ஃபேமிலி மேன், ஸ்லிப் இட் இன், ஒரு நேரடிப் பதிவு எண்டு வரிசையாக் கொட்டினாங்க. அவங்க ஆறுதலாத்தான் மாறினாங்க. கேட்ட சனத்துக்கு ரெண்டு வருசம் புது இசைத்தட்டு ஒண்டும் போய்ச் சேரல்ல, அதால திடீரெண்டு தெரிஞ்சுது.

இன்னொண்டு, இது அடிக்கிற ஆளாச் சொல்லுறன். மெதுவா அடிக்கிறதுதான் கஷ்டம். ரெண்டு ஸ்னேருக்கு நடுவில இருக்கிற வெளியில கை தானா முந்தப் பாக்கும், பிடிச்சு வைக்க வேணும். கின் புதுப் பாட்டை முதல்ல ஊர விட்டுத்தான் பழக்குவாராம், வேகம் கடைசியிலதான். பில் ஸ்டீவன்சன் டிசென்டென்ட்ஸ் எண்ட பேண்டில இருந்து வந்தவர், வேகத்துக்குப் பேர் போன ஆள். மை வார்ல அவர் கையப் பிடிச்சு வைச்சிருக்கிறது எனக்கு வடிவா விளங்குது.

மருதமுனையான்:
டேமேஜ்ட் கடைசிப் பாட்டு எனக்கும் உயிர். ஆனா அது ஏன் அடிக்குது? அதுக்கு முன்னால பதினாலு பாட்டு ஓடி வந்து மூச்சு வாங்குற நேரத்தில அது வருது. அந்த ஒரு பாட்டுக்கு மற்றப் பதினாலும் தோள் குடுக்குது. மை வார்ல மூண்டையும் ஒண்டுக்குப் பின்னால ஒண்டா அடுக்கி, ஒரு முழுப் பக்கமாக்கி வைச்சாங்க. தோள் குடுக்க ஒண்டும் இல்ல. வழக்குக் கதை எனக்கும் தெரியும். வழக்கு பாட்டைத் தாமதமாக்கும், நீளமாக்காது.

ஆரையம்பதிப் புள்ள:
பேஸ் வாசிக்கிற ஆளா ஒண்டு. மை வார் உறையில பேஸ் டேல் நிக்ஸன் எண்டு கிடக்கும். அப்பிடி ஒராள் இல்ல, வாசிச்சது கின்தான். டுகாவ்ஸ்கி அதுக்கு முதலே விலகிட்டார். தலைப்புப் பாட்டை எழுதின ஆளே பதிவில இல்ல! கிட்டாரும் பேஸும் ஒரே கையால வந்தா ஒண்டை ஒண்டு மறிக்காது, ரெண்டும் ஒரே பக்கம் சாயும். ரெண்டாம் பக்கத்தில அந்தப் பாரம் அதாலயும்தான். பேஸ் வாசிக்க கீரா ரோஸ்லர் வந்த பிறகு உள்ள பதிவுகளைக் கேளுங்க, பேஸ் கிட்டாரோட வாய் காட்டும். பல்கலைக்கழகத்தில படிச்சுக்கொண்டே, கை நோவோட வாசிச்சவ. என்னைக் கேட்டா அவங்கட சத்தம் உண்மையா வளந்தது அங்கதான்.

ஆனா நீங்க எல்லாரும் வேகம், நீளம் எண்டே நிக்கிறீங்க. பாட்டில சொன்னது என்னாச்சு எண்டு ஒராளும் கேக்கல்ல. ஆரம்பத்தில அவங்க திட்டினது பொலிஸை, டிவிக்கு முன்னால கிடக்கிற வாழ்க்கையை, தங்களையே. 1984 முடிவில வந்த ஸ்லிப் இட் இன் தலைப்புப் பாட்டு ஒரு பொம்புளையத் திட்டுது. மேடையில நிண்டு அதுக்கு பேஸ் வாசிச்சதும் ஒரு பொம்புளை. அடுத்த வருசம் அவவையே வெளியால போட்டாங்க. பலமானவனைப் பாத்துக் கத்தின பேண்ட் பக்கத்தில நிக்கிறவளைப் பாத்துக் கத்தத் தொடங்கினது எனக்கு ஆறு நிமிசப் பாட்டை விடப் பெரிய சறுக்கல்.

வாவிக்கரை:
அந்தப் பாட்டுக்கு நான் வக்காலத்து வாங்க மாட்டன், அக்கா. மை வார் ரெண்டாம் பக்கத்தில திட்டு முழுக்கப் பாடுறவன்ட தலைக்குள்ளதான் விழுது. அதாலதான் நான் ஒரு பேண்டை முழுசா எடுக்காம, அந்த ஒரு பக்கத்தை மட்டும் எடுத்து வாதாடுறன்.

களரி (வந்தாறுமூலை):
நான் கூத்துக்காரன், கிட்டார் சங்கதி தெரியாது. மகன் போட்டுக் காட்டினதில இந்தப் பேண்டைக் கேட்டன். மருதமுனைத் தம்பிட வாதத்தை வாசிக்கக்குள்ள எங்கட சண்டை ஞாபகம் வந்தது.

1960களில பேராசிரியர் வித்தியானந்தன் பேராதனையில எங்கட கூத்தை எடுத்து, விடிய விடிய ஆடுறதைச் சுருக்கி, சனம் சுத்தி இருக்கிற வட்டக்களரியில இருந்து, முன்னால மட்டும் இருந்து பாக்கிற படச்சட்ட மேடைக்கு ஏத்தினார். 1964ல இராவணேசன், மௌனகுரு இராவணனா ஆடினது. கூத்துக்கு மானம் தேடித் தந்த வேலை எண்டு ஒரு பக்கம். சபைய இருட்டில கதிரையில இருத்திட்டீங்க எண்டு இன்னொரு பக்கம். மறுகா சீலாமுனையில ஜெய்சங்கர் ஆக்கள் ஊர்ச் சனத்தோட இருந்து, களரியிலயே வைச்சு கூத்தை மீளுருவாக்கினாங்க.

இதில நான் கண்டது, சபை எங்க நிக்குது எண்டதுக்கும் ஆட்டம் எவ்வளவு நேரம் எண்டதுக்கும் சம்பந்தம் குறைவு. சுருக்கினதுதான் மேடைக்குப் போனது. நீளமாக் கிடந்ததுதான் சனத்துக்கு நடுவில கிடந்தது. களரியில ஒரு பாத்திரம் ஆடி வாற வரவுக்கே எவ்வளவு நேரம் எடுக்கும் தெரியுமா? ஒராளும் எழும்பிப் போறதில்ல. அதால பாட்டு நீண்டதால சபை பிரிஞ்சுது எண்ட வாதம் எங்கட ஊரில நிக்காது, தம்பி.

காரைதீவு ட்ரம்ஸ்:
ஐயா சொன்னதை ரெண்டு தரம் வாசிச்சன்.

மருதமுனையான்:
ஐயா, உங்களோட மல்லுக்கு நிக்கிற வயசு எனக்கில்ல, ஆனா இதில நிக்க வேண்டி இருக்கு. களரியைச் சுத்தி இருக்கிற சனத்துக்குக் கதை தெரியும், மெட்டுத் தெரியும், ஆடுறது ஆர்ர மகன் எண்டும் தெரியும். கூத்துப் பழக்கிற அண்ணாவியார் மத்தளத்தைத் தட்டினா அடுத்து என்ன வரும் எண்டு சின்னப் புள்ளைக்கும் தெரியும். வரியைத் திருப்பிப் பாடுற பிற்பாட்டு இருக்கு, அதோட சேந்து வாயசைக்கலாம். அவ்வளவும் இருக்கிறதாலதான் நீளம் தாங்குது. மை வார் ரெண்டாம் பக்கத்து நத்திங் லெஃப்ட் இன்சைட்ல எனக்குப் பாட இடம் எங்க? அந்தப் பாட்டுக்குப் பிற்பாட்டே இல்ல, ஐயா. ரைஸ் அபவ்ல இருந்தது.

களரி:
அது ஞாயமான கேள்வி. நான் இதில மேல கதைக்க அந்தப் பாட்டை இன்னும் கேக்க வேணும்.

வாவிக்கரை:
அந்தப் பக்கத்துக்குப் பிற்பாட்டு பிறகு வந்தது, காக்கா. வாஷிங்டன் மாநிலத்தில மெல்வின்ஸ் எண்ட பேண்ட் அந்த மூண்டு பாட்டுட நடையைப் பிடிச்சுத்தான் தங்கட சத்தத்தை ஊர விட்டாங்க. நிர்வாணா பாடகர் கேர்ட் கோபேன் தனக்குப் பிடிச்ச அம்பது இசைத்தட்டு எண்டு கையால எழுதின பட்டியல்ல மை வார் இருக்கு. ஸ்லட்ஜ் (மெதுவான, பாரமான மெட்டல்) எண்டு இண்டைக்குச் சொல்லுற முழு வகைக்கும் அது ஊத்து. 84ல நிகழ்ச்சிக்கு வந்து முகம் சுளிச்ச சனத்துக்கு நடுவில, வீட்ட போய் மெதுவா வாசிச்சுப் பாத்த பொடியன்மாரும் இருந்திருக்காங்க. நீங்க சொன்ன "அடுத்த நாள் கிட்டார் எடுக்கிற பொடியன்" இவன்தான்.

புதுக்காது:
இப்ப கேட்டு முடிச்சன். முதல் பக்கம் எனக்குப் பெரிசா ஒட்டல்ல. ரெண்டாம் பக்கம் மெதுவா ஊருற டூம் மெட்டல் கேட்டுப் பழகின காதுக்கு வீட்டுச் சாப்பாடு. ஆனா மெட்டல்ல இவ்வளவு அசிங்கமா கிட்டார் பிசகாது, இதில பிசகுது, அது நல்லா இருக்கு.

மருதமுனையான்:
பாருங்க, மெட்டல் கேக்கிற தம்பிக்குப் பிடிச்சிருக்கு. அதைத்தான் நானும் சொல்லுறன். அது வேறொரு வகைட பிறப்பு, ஹார்ட்கோர்ட தொடர்ச்சி இல்ல. பிறந்த புள்ள நல்ல புள்ளதான், நான் மறுக்கல்ல.

2013ஐப் பாருங்க. அந்த வருசம் ரெண்டு பேண்ட் ஒரே நேரத்தில ரோட்டில இறங்கினது. கின், ரான் ரேயஸை வைச்சு பிளாக் ஃபிளாக் எண்ட பேரில புது இசைத்தட்டே போட்டார். மற்றப் பக்கம் கீத் மோரிஸ், டுகாவ்ஸ்கி, ஸ்டீவன்சன், கடேனா எல்லாரும் ஃபிளாக் எண்டு பேர் வைச்சுப் பழைய பாட்டை வாசிச்சாங்க. கின் வழக்குப் போட்டார், நீதிமன்றம் அவங்களைத் தடுக்க மறுத்திட்டுது. ரேயஸ் அவுஸ்திரேலியாவில நிகழ்ச்சி நடந்துகொண்டிருக்கக்குள்ளயே மேடையில இருந்து இறக்கப்பட்டார். ஃபிளாக் ஆக்கள்ட பதிவுகளைப் பாருங்க, மைக் மேடையில இருந்ததை விடச் சனத்துக்குள்ள இருந்த நேரம் கூட.

வாவிக்கரை:
முப்பது வருசத்துக்குப் பிறகு, மனப்பாடமான பாட்டைத் திரும்பக் கேட்டு சனம் துள்ளுறதை வைச்சு ஒண்டும் சொல்ல ஏலாது. 1979ல அந்தப் பூங்காவில சனம் சாப்பாட்டால எறிஞ்சுது, அவங்க நிப்பாட்டல்ல. 1984ல சனம் திரும்பவும் எறிஞ்சுது, அப்பவும் நிப்பாட்டல்ல. எனக்கு ரெண்டும் ஒரே பேண்ட்.

மருதமுனையான்:
79ல எறிஞ்சது வெளியால இருந்து வந்த சனம், அவங்களை ஆரெண்டே தெரியாது. 84ல நொந்தது உள்ளுக்க இருந்த சனம், பொலிஸ் அடியை அவங்களோட சேந்து வாங்கின சனம். தம்பி இந்த ரெண்டையும் ஒண்டாக்குறது எனக்குச் சரிவராது. 1985ல வந்த இன் மை ஹெட்ல கின்ட கிட்டார் எனக்கும் பிடிக்கும், அதைப் பத்தி நாளைக்கு எழுதுறன். இஷாத் தொழுகைக்குப் போகணும்.