குலுக்கினால் என்ன சத்தம்? பிள்ளைகளோடு வாத்தியம் செய்த அனுபவங்கள்

அங்கன்வாடிப் பணியாளர், தென்காசி பக்கம்:

பழைய பொருட்களில் வாத்தியம் செய்ய உட்கார்ந்தால், வண்ணத்தாள் ஒட்டுவதிலேயே நேரம் முழுவதும் போய்விடுகிறது. எங்கள் மையத்தில் அது கடைசி வேலை. முதலில் காதுக்கு வேலை கொடுக்கிறேன். ஒரே மாதிரியான டப்பாக்களில் அரிசி, புளியங்கொட்டை, மணல் என்று தனித்தனியாகப் போட்டு, உள்ளே இருப்பதைக் காட்டாமல் குலுக்குவேன். பிள்ளைகள் தாமாகவே கண்களை மூடிக்கொள்வார்கள். மணல் டப்பாவைக் கேட்ட ஒரு சிறுமி, "தூறல் விழுகிறது டீச்சர்" என்றாள். நான்கு வயதில் இதைவிடப் பெரிய இசைப்பாடம் எது? தன் டப்பாவில் எதைப் போடுவது என்பதைப் பிறகு அந்தப் பிள்ளையே முடிவு செய்யும்.

கொட்டாங்குச்சி கிடைத்தால் விடாதீர்கள். விளிம்பை உப்புத்தாளால் தேய்த்துக் கொடுத்தால் கையைக் கிழிக்காது.

குன்றிமணி மட்டும் வேண்டவே வேண்டாம். ஒரு பாட்டி ஆசையாகக் கொண்டுவந்தார், நான் வாங்கவில்லை. அதை மென்று விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. பறை போல இழுத்துக் கட்டப் பலூனும் வேண்டாம், கிழிந்த துண்டு தொண்டையை அடைக்கும். பால்மாவு டின்னின் மூடியே நன்றாக அதிரும்.

மழலையர் பள்ளி ஆசிரியை, மதுரை:

அக்கா, நாங்கள் கண்ணாடிப் புட்டிகளில் தண்ணீர் ஊற்றி ஜலதரங்கம் போலக் குச்சியால் தட்டினோம். தண்ணீர் கூடக் கூட ஒலி தாழ்ந்தது. அப்போது ஒரு பையன் தன் புட்டியின் வாயில் ஊதினான். நிறையத் தண்ணீர் இருந்த அந்தப் புட்டி கீச்சென்று உயர்ந்து ஒலித்தது! தட்டும்போது அதிர்வது கண்ணாடியும் நீரும். கனம் கூடினால் அதிர்வு மெதுவாகும். ஊதும்போது அதிர்வது மேலே மிஞ்சிய காற்று. அது குறைந்தால் சுருதி ஏறும். இதை நான் அவனுக்கு விளக்கவில்லை. ஊதியும் தட்டியும் அவன் திரும்பத் திரும்பச் சோதித்ததைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆளுக்கொரு புட்டி கொடுங்கள், எச்சில் கலக்காது.

அங்கன்வாடிப் பணியாளர்:

நல்ல யோசனை தங்கச்சி. இங்கே சின்னப் பிள்ளைகள் கையில் கண்ணாடி கொடுக்க மாட்டேன். எவர்சில்வர் டம்ளரில் தட்டவும் பிளாஸ்டிக் புட்டியில் ஊதவும் வைக்கிறேன்.