கள்ள வின்டோஸ மாத்தின அனுபவம், உங்கட கதையயும் சொல்லுங்க

களுவாஞ்சிகுடிப் பக்கம் சின்னதா ஒரு கொமினிகேசன் நடத்துறன். போட்டோகொப்பி, டைப்பிங், ஒன்லைன் அப்ளிகேசன், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, இது தான் தொழில். லெப்டொப் ஒண்டு டவுன்ல ஒரு கடையில செக்கன் ஹேண்டா எடுத்தன். வின்டோஸ் ப்ரோ, ஒபிஸ், போட்டோஷொப் எல்லாம் அடிச்சித் தந்தாங்க, சல்லி ஒண்டும் கூட எடுக்கல்ல, நானும் வேற ஒண்டும் கேக்கல்ல.

போன வருசம் ஒரு டீச்சர் தரம் 9 கணித வினாத்தாள் பிரின்ட் எடுக்க வந்தா. அடுத்த நாள் விடிய கடை திறக்க முதலே வந்து நிக்கிறா, கையில அந்தப் பென்டிரைவ். போட்டுப் பாத்தா ஒவ்வொரு போல்டருக்கும் கீழ் மூலையில சின்ன அம்புக்குறி, எல்லாம் ஷோர்ட்கட், எதத் தட்டினாலும் திறக்குதில்ல. ரெண்டு வருசத்துப் பாடக்குறிப்பு அதுக்குள்ள. "தம்பி, வீட்ட இருந்து நேரா உங்கட்ட, உங்கட்ட இருந்து நேரா ஸ்கூலுக்கு, வேற எங்கயும் இதப் போடல்ல" எண்டா. கோவமா ஒரு சொல்லும் சொல்லல்ல, ஆனா எனக்கு மனசு உடைஞ்சி போச்சி.

பைல் எதுவும் அழியல்ல, பேரில்லாத ஒரு மறைஞ்ச போல்டருக்குள்ள எல்லாத்தையும் தள்ளி வெச்சிருந்திச்சி, எடுத்துக் குடுத்துட்டன். மறுகா என்ட லெப்டொப்ப நோண்டிப் பாத்தா தான் விசயம் விளங்கினது. கிராக் (சல்லி கட்டாம ஓட வைக்கிற கள்ள புரோகிராம்) போடுற நேரம் வின்டோஸோட வாற வைரஸ் கார்டான டிஃபென்டர நிப்பாட்டினது மட்டுமில்ல, சீ டிரைவ் முழுக்க பாக்காத எண்டு எக்ஸ்க்ளூசன் லிஸ்ட்லயும் போட்டு வெச்சிருக்காங்க. நாள் முழுக்க ஊர்ச்சனத்துட பென் எல்லாம் வந்து போற மெசின்ல வைரஸ் கார்ட் கண்ண மூடிக்கிட்டு இருந்திருக்கு. எத்தின பேர்ட பிறப்புச் சான்றிதழ், ஐடென்டிகார்ட் ஸ்கேன் எல்லாம் அதுக்குள்ள கிடந்திச்சி எண்டு நினைக்க இப்பவும் பயமா இருக்கு.

முதல்ல செஞ்சது பிழையான வேல. பேஸ்புக்ல பாத்து 1,500 ரூவாக்கு ஒரு கீ (வின்டோஸ அக்டிவேட் பண்ணுற இலக்கம்) வாங்கிப் போட்டன், நாலு மாசம் ஓடிச்சி, பொறகு திரும்ப "அக்டிவேட் வின்டோஸ்" எண்டு மூலையில எழுத்து வந்துட்டு. வித்த ஆள் மெசேஜ பாக்கிறான், பதில் இல்ல. அது ஏதோ கம்பனிக்கு மொத்தமா குடுக்கிற வொல்யூம் கீயாம், கனபேருக்கு வித்தா ப்ளொக் ஆகிருமாம்.

வந்தாறுமூலை கெம்பஸ்ல படிக்கிற தங்கச்சிட மகள் லீவுக்கு வந்தவ, லெப்டொப்பப் புரட்டி அடிப்பக்கத்தப் பாத்துட்டு, "மாமா, இது வின்டோஸோட வந்த மெசின், கீ உள்ளுக்கே இருக்கும்" எண்டா. வின்டோஸ் 8 வந்ததுக்குப் பொறகு கம்பனி லெப்டொப்கள்ல கீய ஸ்டிக்கரா ஒட்டாம பயோஸ்லயே, அதான் மதர்போர்ட்ல இருக்கிற சிப்லயே, எழுதி விடுறாங்களாம். என்ட மெசினுக்கு வந்தது ஹோம், வீட்டுப் பாவனைக்கான எடிசன். கடையில அதுக்கு மேல ப்ரோவ கிராக் பண்ணி அடிச்சதால அந்த நல்ல கீ சும்மா கிடந்திருக்கு. முதல் வாங்கின ஆள் சல்லி கட்டின உண்மையான வின்டோஸ் என்ட மேசையிலயே இருந்திருக்கு, நான் அத விட்டுட்டு வெளிய தேடித் திரிஞ்சிருக்கன்.

அவட மெசின்லயே மைக்ரோசொஃப்ட் தளத்துல இருந்து மீடியா கிரியேசன் டூல இறக்கி 8 ஜிபி பென் ஒண்டு செஞ்சம். டொக்கியுமென்ட், போட்டோ மட்டும் வெளிய எடுத்தம், செட்டப் பைல் ஒண்டும் எடுக்கல்ல. பொறகு டீ டிரைவயும் சேத்து எல்லாப் பார்டிசனயும் அழிச்சிட்டு வின்டோஸ் 11 போட்டம். கீ கேக்கவே இல்ல! எந்த எடிசன் எண்டும் கேக்கல்ல, நேரா ஹோமுக்குப் போய்ட்டு. இன்டர்நெட் குடுத்தோடன டிஜிட்டல் லைசன்ஸ்ல அக்டிவேட் ஆகி இருக்கு எண்டு காட்டிச்சி. எனக்குக் கண் கலங்கிட்டு, உண்மையா.

கஷ்டமும் இருந்திச்சி. பாமினி ஃபொன்ட், கீபோர்ட் எல்லாம் திரும்பப் போட ஒரு நாள் போச்சி. ஒபிஸுக்குப் பதிலா இலவசமான லிப்ரே ஒபிஸ், போட்டோவுக்கு இலவசமான கிம்ப், கை பழக ரெண்டு கிழமை. கள்ள போட்டோஷொப்ப திரும்பப் போட்டா பழைய இடத்துக்குத் தானே வந்து நிப்பன், அதால போடல்ல.

உங்கட அனுபவத்தயும் எழுதுங்க.

கல்முனையிலிருந்து:
அண்ணன், எனக்கு அந்த அதிஷ்டம் இல்ல. என்ட அசெம்பிள் பண்ணின டெஸ்க்டொப், பயோஸ்ல கீ இல்ல. இன்டெல் நாலாம் ஜெனரேசன், வின்டோஸ் 11 எட்டாம் ஜெனரேசனும் டீபிஎம் 2.0 எண்ட பாதுகாப்பு வசதியும் கேக்குது. வின்டோஸ் 10க்கு வழமையான அப்டேட் 2025 ஒக்டோபர் 14ஓட முடிஞ்சிட்டு. ஹோம் லைசன்ஸ் அமெரிக்க விலையே 139 டொலர், நம்மட சல்லிக்கு 40,000க்கு மேல, பழைய மெசினுக்கு அவ்வளவு போட ஏலா. வின்டோஸுக்குப் பதிலா இலவசமான லினக்ஸ் மின்ட் போட்டுட்டன். புள்ளைகள் டியூசன் வீடியோ பாக்க, பிரின்ட் எடுக்க அது காணும்.

செங்கலடியிலிருந்து:
நான் போர்மட் அடிக்காம கீய மட்டும் மாத்தினன், அத ஆரும் செய்யாதீங்க. தனி ஆளுக்கு விக்கிற நல்ல ரீட்டெயில் கீ, அக்டிவேட்டும் ஆச்சி. ஆனா கிராக் வெச்சிட்டுப் போன டாஸ்க் ஒண்டு உள்ளுக்கு அப்பிடியே இருந்து, ஒவ்வொரு தரமும் ஓன் பண்ணக்குள்ள தன்ட வேலயச் செஞ்சிக்கிட்டே இருந்திச்சி. கிராக் பாவிக்கிறது கேஎம்எஸ் எண்ட கம்பனிகளுக்கான அக்டிவேசன் முறை, அது 180 நாளைக்குத் தானாம், அத புதுப்பிக்கத் தான் அந்த டாஸ்க். கடைசியா முழுசா அழிச்சித் தான் போட்டன். அண்ணா, அக்காட லெப்டொப் ஒண்டும் இருக்கு, அதுலயும் ப்ரோ தான் அடிச்சிருக்கு, உள்ளுக்கு கீ இருக்கா எண்டு எப்பிடிப் பாக்கிற?

களுவாஞ்சிகுடி:
தம்பி, புதுசா வாங்கக்குள்ள வின்டோஸ் 10ஓ 11ஓ போட்டு வந்த லெப்டொப் எண்டா அநேகமா இருக்கும், வின்டோஸ் இல்லாம டொஸ்ஸோட வந்தது எண்டா இருக்காது. அழிக்க முதல் போட்டோவெல்லாம் வெளிய எடுத்து வெச்சிரச் சொல்லுங்க. ஞாயிறு பின்னேரம் கடையில நிப்பன், சார்ஜரையும் மறக்காமக் கொண்டு வாங்க, பென் என்னட்ட ரெடியாக் கிடக்கு.