கையில் கயிறும் கழுத்தில் கேமராவும்

குதிரைக் காட்சி என்றதும் பலருக்கும் தடை தாண்டுதல்தான் நினைவுக்கு வரும். நான் இறங்கும் பிரிவில் சேணமே பூட்டுவதில்லை. குதிரையைக் கயிற்றில் பிடித்து நடத்தி வந்து, நிறுத்தி, நடுவருக்குக் காட்ட வேண்டும். ஷோமேன்ஷிப் என்பார்கள். இதில் மதிப்பெண் குதிரையின் அழகுக்கு அல்ல, அதைக் காட்டுகிறவரின் திறமைக்கு. எனக்கு 16 வயது. களத்தில் இல்லாத நேரமெல்லாம் வேலியோரம் கேமராவோடு நிற்பேன்.

ஷோமேன்ஷிப்பின் உயிரே நாம் எங்கே நிற்கிறோம் என்பதில்தான் இருக்கிறது. நடுவர் குதிரையின் முன்பாதியைப் பார்க்கும்போது நான் மறுபக்கம் இருக்க வேண்டும், அவர் பார்வையை மறைக்கக் கூடாது. அவர் பின்பாதிக்கு நகர்ந்ததும் அவர் இருக்கும் பக்கத்துக்கே நானும் வந்துவிட வேண்டும். அப்போது குதிரை மிரண்டால் அதன் தலையை என் பக்கம் இழுப்பேன். பின்னங்கால்கள் நடுவரை விட்டு விலகிப் போகும். பயிற்சியாளர் அக்கா சொல்லிக்கொண்டே இருப்பார்: "குதிரையையே பாத்துட்டு நிக்காத. நடுவர் எங்க போறார்னு பாரு, அதுக்கேத்த மாதிரி உன் கால் நகரணும்."

கேமராவைத் தூக்கினாலும் அந்தப் பேச்சுதான் காதில் கேட்கும். அகல லென்ஸை மாட்டிக்கொண்டு கிட்டப் போய் எடுத்தால், அருமையான குதிரைக்குக்கூடத் தலை பெருத்துப் பின்புறம் சூம்பிவிடும். நான் நன்றாகத் தள்ளி நின்று 200 மி.மீ. லென்ஸ் வைத்து, அதன் வயிற்று உயரத்துக்குக் குனிந்து எடுப்பேன். அப்போதுதான் உடல்வாகு உள்ளபடி விழும். காதுகள் முன்னோக்கி நிமிரும்வரை விரலை அழுத்த மாட்டேன். காது பின்னால் மடிந்திருக்கும் படத்தில் எவ்வளவு நல்ல குதிரையும் கோபக்காரனாகத்தான் தெரியும்.

எங்கள் லாயத்தில் ஒரு பழுப்புப் பெண்குதிரை உண்டு. ஷட்டர் சத்தம் கேட்டாலே தலையைத் தூக்கிக்கொள்ளும். குதிரைக்கு ஏறக்குறைய 350 டிகிரி சுற்றிலும் கண் தெரியும். நெற்றிக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும் மட்டும் தெரியாது. அதனால் தோள் பக்கமாகவே அதனிடம் போனேன். கேமராவை முகர்ந்து பார்க்க விட்டேன், படம் எடுக்காமல் வெறுமனே க்ளிக் செய்து காட்டினேன். இப்போது கேமராவைக் கண்டால் அதுவே கழுத்தை நீட்டுகிறது. அதன் படங்கள்தான் என்னிடம் இருப்பவற்றில் எனக்கு மிகவும் பிடித்தவை.

போன காட்சியில் வயதான புகைப்படக்காரர் ஒருவர் பக்கத்தில் நின்றார். என் திரையைப் பார்த்துவிட்டு, "எப்படிம்மா ட்ராட்ல நாலு காலும் தரையில இல்லாத நொடியா பாத்துப் பிடிக்கிற?" என்று கேட்டார். ட்ராட் என்பது குதிரையின் மிதமான ஓட்டம். அதில் மூலைவிட்டமாக இரண்டிரண்டு கால்கள் சேர்ந்து விழும். டக், டக் என்று இரண்டே தட்டு, ஒவ்வொரு தட்டுக்கும் நடுவில் உடம்பு காற்றில். கயிற்றைப் பிடித்துக்கொண்டு குதிரையின் தோளை ஒட்டி ஓடி ஓடி அந்தத் தாளம் என் காலில் ஏறிவிட்டது. குளம்புச் சத்தத்தைக் கேட்டே விரலை அழுத்துகிறேன் என்றேன். ஷட்டர் வேகத்தை எப்படியும் 1/1000 நொடியோ அதைவிட வேகமாகவோதான் வைப்பேன். ட்ராட்டைவிட வேகமான கேன்டர் ஓட்டத்தில் மூன்று தட்டு. அது இன்னும் எனக்குச் சவால்தான்.

அவர்தான் மைபிரிட்ஜ் என்ற அந்தக்காலப் புகைப்படக்காரரைப் பற்றிச் சொன்னார். முற்கால ஓவியர்கள், பாயும் குதிரையின் முன்னங்கால்களை முன்னாலும் பின்னங்கால்களைப் பின்னாலும் நீட்டி, அந்தரத்தில் மிதப்பதுபோல வரைந்தார்கள். 1878இல் மைபிரிட்ஜ் கலிபோர்னியாவில் ஓட்டப்பாதையோரம் 12 கேமராக்களை வரிசையாக வைத்தார். குதிரை ஓடும்போது குறுக்கே கட்டிய நூல்கள் அறுபட, ஒவ்வொன்றாகப் படம் விழுந்தது. நான்கு கால்களும் தரையை விட்டு எழுவது உண்மைதான், ஆனால் அவை நீண்டிருக்கும்போது அல்ல, வயிற்றுக்கடியில் மடங்கிக் கூடியிருக்கும்போது! வீட்டுக்கு வந்ததும் குதிரை முழுவேகத்தில் பாயும் என் கேலப் படங்களையெல்லாம் திறந்து அந்த மடங்கிய நொடியைத் தேடிப் பார்த்தேன். பல படங்களில் இருந்தது.

அடுத்துக் கறுப்புக் குதிரைகளைப் பழக ஆசை. சட்டகம் நிறையக் கறுப்பு வந்தால் கேமரா அதை வெளுப்பாக்கிச் சாம்பல் நிறமாகக் காட்டும். ஒளியளவைக் கொஞ்சம் குறைக்க வேண்டும். ஃபிளாஷைத் தொடவே மாட்டேன், மிரண்டால் அதைப் பிடித்திருப்பவருக்கு ஆபத்து. கூரை போட்ட களத்தின் மங்கலான வெளிச்சத்தில் கறுப்புக் குதிரையை ட்ராட்டில் எடுத்துப் பழகியவர்கள் இருந்தால், ஐ.எஸ்.ஓ. (கேமராவின் ஒளி உணரும் அளவு) எவ்வளவு வைக்கிறீர்கள் என்று சொல்லுங்கள்.